ஏச்சு விழாத ஆட்டம்

வெள்ளவத்தை
20.08.2006

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் சுகச் செய்தி. நானும் பாலேஸ்வரியும் சுகம். உங்கள் மகன் ஆரூரன் சுகத்திலும் சுகம். இடியப்பத் தட்டு மேசைக்கு வந்த உடனேயே காலியாகிறது. நீங்களும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டு ரெலிபோனுக்கு எடுத்து எடுத்து விரல் தேய்ந்துவிட்டது, மணியே அடிக்கவில்லை. தபால் மட்டும் எப்படியோ கப்பலில் போகிறது என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். இனிக் கடிதம்தான்.

நாலு கூடைப்பந்தாட்டம் ஆடிவிட்டு ஒரு கிழமையில் திரும்பலாம் என்று ஆளுக்கொரு பையோடு வந்த பிள்ளைகள். சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டப்பட்டு இங்கேயே நிற்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆரூரனை மட்டும் நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாமன் வீடு இருக்க அவன் ஏன் வாங்குப் பலகையில் படுக்க வேண்டும்? போட்டி நடத்துகிறவர்கள் நல்ல மனிதர்கள். திரும்பிப் போக வழி பிறக்கும் வரைக்கும் ஆடுங்கள் என்று எங்கள் கல்லூரியையும் கொழும்புக் கல்லூரிகளோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே அத்தான், யாழ்ப்பாணத்தில் இருந்து நீங்கள் பார்க்க முடியாத பருவத்தை நான் இங்கிருந்து பார்த்து எழுதுகிறேன்.

முதலாவது ஆட்டத்தில் தோற்றோம். பாதிக் காரணம் தரை. எங்கள் பிள்ளைகள் சீமெந்துத் தரையில் வளர்ந்தவர்கள். இங்கே பளபளவென்று பலகை. ஓடி வந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல் சறுக்கிப் போய் நிற்கிறார்கள், நடுவர் விசில் ஊதுகிறார். மற்றப் பாதிக் காரணம் உங்கள் வீட்டு ஒன்பதாம் இலக்கம். பந்தை எறிந்துவிட்டு அது கூடைக்குள் விழுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் துரை. அதற்குள் எதிரணி இந்தப் பக்கம் வந்து போட்டுவிட்டுப் போகிறது. "பின்னுக்கு ஓடடா!" என்று நான் கத்தின கத்தில் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு வரிசைக்குப் போனார். ஐந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்தில் எங்களுக்கு நாலு பேரும் ஒரு பார்வையாளரும். நீங்கள் அணித் தலைவராக இருந்த நாளில் இப்படி ஒருவன் நின்றிருந்தால் காதைத் திருகியிருப்பீர்கள்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மைத்துனன்
தில்லைநாதன்

அப்பா, மாமா எழுதிறதில அரைவாசியைக் கழிச்சுப் பாருங்கோ. அம்மா அழக்கூடாது. — ஆரூரன்


கொக்குவில்
10.09.2006

அன்புள்ள தில்லைநாதனுக்கு,

உமது கடிதம் மூன்று கிழமை கடலில் மிதந்து நேற்று வந்து சேர்ந்தது. உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எதைச் சொல்வது என்று தெரியவில்லை. பகலில் பாதி ஊரடங்கு. சீனிக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, வரிசையில் நிற்பதற்கு அனுமதி எடுக்க இன்னொரு வரிசை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை என்று நீர் சிரிப்பீர்.

அக்காவின் கண் இன்னும் மங்கிவிட்டது. இந்த மாதம் கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்திருந்தோம், அது பாதையோடு போயிற்று. ஆகையால் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இரண்டு தரம் வாசித்தேன். ஏச்சு வருகிற இடமெல்லாம் அவள் சிரித்தாள். "தம்பி இப்பிடி ஏசுறானெண்டால் பிள்ளை நல்லாத்தான் இருக்கிறான்" என்றாள். ஆரூரனுடைய இரண்டு வரியைத் தாளில் தடவிப் பார்த்தாள்.

ஆட்டத்தைப் பற்றி. தரையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இரண்டடி முன்னமே நிற்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். உயரம் இல்லாத அணி ஓடித்தான் வெல்ல வேண்டும். ஆரூரன் நின்று பார்ப்பது எனக்குத் தெரியாததல்ல. பத்து வயதில் இருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன். அவனுக்கு யார் தடுப்பாட்டம் ஆட வருகிறார்கள், இடது கைக்காரன் என்று கண்டுபிடித்துவிட்டார்களா, இதையெல்லாம் எழுதும். வெறும் ஏச்சை வைத்து நான் எப்படி ஆட்டத்தைப் பார்ப்பது?

பாலேஸ்வரியிடம் பிள்ளைக்கு எண்ணெய் முழுக்கு மறக்க வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்
இராசரத்தினம்


வெள்ளவத்தை
25.09.2006

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ட பிறகுதான் வீட்டில் சோறு இறங்கியது. நாங்கள் மூவரும் நலம்.

ஆரூரனை இங்குள்ள பொலிசில் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டேன். வடக்கில் இருந்து வந்தவர் எந்த வீட்டில் தங்குகிறாரோ அந்த வீட்டுப் பெயரோடு பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அவர்கள் தந்த பதிவுத் துண்டை ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி எடுத்து, ஒன்றை அவனுடைய சேர்ட் பைக்குள் வைத்துத் தைக்காத குறை. பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் நான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். மற்ற நேரம் வீட்டுக்குள்தான். கடற்கரை எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிறது, அங்கேகூட விடுவதில்லை. மூன்றாம் மாடி யன்னலில் நின்று கடலையும் றெயிலையும் பார்க்கிறான். நேற்று விறாந்தையில் பந்தைத் தட்டினான். கீழ் வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் தட்டிப் பதில் சொன்னாள். "மாமா, இது வீடோ மறியலோ?" என்று கேட்டான். வாயை மூடு என்றேன். எனக்கும் இது சிறை போலத்தான் இருக்கிறது என்பதை அவனிடம் சொல்ல முடியுமா?

இரண்டாவதில் வென்றோம். மூன்றாவதில் தோற்றோம். வென்றதற்கு நீங்கள் சொன்ன ஓட்டம்தான் காரணம். ஆட்டம் முடிந்தால் பழைய மாணவர்கள் எல்லோரும் காலி வீதிச் சைவக் கடையில் கூடுவோம். தேத்தண்ணி ஆறும், தர்க்கம் ஆறாது. நவரத்தினம் மாஸ்டர் எல்லாத் தோல்விக்கும் பயிற்றுநர்தான் காரணம் என்பார். மாளிகாவத்தை ஸவாஹிரும் வருவார். அவர் எங்கள் கல்லூரி இல்லை, முந்தி நடுவராக இருந்த மனிதர். ஆரூரனைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொடியன்ட கண்ணு பந்துக்கு முன்னுக்கே போகுது தில்லை. நீங்க ஏசி ஏசியே அதைக் குருடாக்கிப் போடாதீங்க" என்றார். நான் விடுவேனா? கண் முன்னுக்குப் போகிறது சரி, கால் ஏன் பின்னுக்குப் போகவில்லை என்று கேட்டேன். இடது கைக்காரன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அந்தப் பக்கம் இருவராக அடைத்து நிற்கிறார்கள். வலது கையைக் கடவுள் எதற்குத் தந்தார் என்று இவனுக்கு யார் சொல்வது?

இன்னொரு விசயம். அடுத்த மாதக் கப்பலில் திருகோணமலை வழியாகப் பிள்ளைகளை அனுப்பலாம் என்கிறார்கள். ஆரூரனுக்கும் ஓர் இடம் எடுக்கலாம். அவனுக்கு வரத்தான் விருப்பம். உங்கள் முடிவை உடனே எழுதுங்கள்.

தில்லைநாதன்

அப்பா, நான் வாறன் எண்டு அம்மாவிட்டச் சொல்லுங்கோ. — ஆரூரன்


கொக்குவில்
14.10.2006

அன்புள்ள தில்லைநாதனுக்கு,

நலம். நலமே வேண்டும்.

கப்பலில் அவனை அனுப்பாதேயும். விளக்கமாக எழுதவில்லை. முன்வீட்டுப் பெடியன் போன கிழமை பாண் வாங்கப் போனான். அவனுடைய சைக்கிள் மட்டும் சந்தியில் நின்றது. ஆரூரனுடைய வயதுதான். அக்காவுக்கு நான் சொல்லவில்லை, அழுகைச் சத்தத்துக்குக் காரணம் வேறு சொன்னேன். கொழும்பில் இருக்கட்டும். விளையாடட்டும். மறியல் என்று சொன்னால் மாமா வீட்டு மறியல் நல்ல மறியல் என்று சொல்லும். அவன் என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை.

ஒரு பக்கம் இருவர் அடைத்து நின்றால் மறுபக்கம் ஒருவன் சும்மா நிற்கிறான் என்றுதானே அர்த்தம்? அவனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும். தானே போட்டால்தான் புள்ளி என்று இவன் நினைக்கிறான். இதை நான் ஏசியதாகச் சொல்லும். உமது ஏச்சு அவனுக்குப் பழகிவிட்டது.

அன்புடன்
இராசரத்தினம்


வெள்ளவத்தை
28.10.2006
சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். ஆட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கோபம் ஆறினால் எழுத்தில் உப்பு இருக்காது என்று சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

வென்ற ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் உங்கள் மகன். ஒரு புள்ளி முன்னுக்கு நிற்கிறோம். பந்து எங்களிடம். சும்மா தட்டிக்கொண்டு நின்றால் மணி அடித்துவிடும். இவனுக்கு அது போதாது. இருவர் அடைத்து நிற்கிற அதே இடது பக்கத்தால் புகுந்து, பந்தைப் பறிகொடுத்து, அதோடு நிற்காமல் ஓடுகிறவனைப் பிடித்து இழுத்துப் பவுலும் வாங்கிக் கொடுத்தான். இரண்டு இலவச எறி. இரண்டும் விழுந்தன. முடிந்தது.

வாசலில் வைத்து எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். நவரத்தினம் மாஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்தார், நான் நிற்கவில்லை. "உனக்குத் தந்த சோறு தெண்டமடா. ஊருக்குப் போக வழியில்லாமல் நிக்கிற அணி, அதைக்கூட நீ தோற்கடிச்சுப் போட்டாய்" என்றேன்.  அவன் என்னோடு பஸ்ஸில் ஏறவில்லை. "நான் பொடியளோட போறன்" என்று கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டான். போகட்டும். ஒரு நாள் வாங்கில் படுத்துப் பார்த்தால் மாமி வீட்டு மெத்தையின் அருமை தெரியும். பாலேஸ்வரி என்னோடு கதைக்கவில்லை.

காலையில் இதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். அக்காவுக்கு வாசிக்கும்போது சோற்றுக் கதையை விட்டு வாசியுங்கள்.

தில்லைநாதன்


கொக்குவில்
22.11.2006

அன்புள்ள தில்லைநாதனுக்கு,

உப்புப் போட்ட கடிதம் கிடைத்தது. சோற்றுக் கதையை விட்டுத்தான் வாசித்தேன், ஆனால் என் குரலில் அக்கா ஏதோ கண்டுபிடித்துவிட்டாள். மறைத்ததையும் சொல்ல வேண்டி வந்தது. அவளுக்குக் கோபமில்லை. "வீட்டுக்குள்ள வைச்சு ஏசட்டும், ஊருக்கு முன்னால வேண்டாம் எண்டு எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.

எனக்கும் அந்த வயதில் ஒரு புள்ளி முன்னுக்கு நிற்பது போதாது. இரண்டாக்க வேண்டும் என்றுதான் புத்தி போகும். அது பேராசை இல்லை, பயம். அவனோடு சமாதானமாகிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சமாதானம் ஆனதை எழுதாமல் விடுவது உமது வழக்கம். ஆனால் அதற்குப் பிறகு மூன்று கப்பலில் தபால் வந்துவிட்டது, உமது எழுத்தைக் காணவில்லை. காய்ச்சலா? அடுத்த ஆட்டம் என்னவாயிற்று? அவனை இரண்டு வரி எழுதச் சொல்லும். அக்கா தபாற்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்
இராசரத்தினம்


வெள்ளவத்தை
03.12.2006

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல்தான். இப்போது எல்லோரும் நலம். உங்கள் நலமும் அக்காவின் கண் நலமும் வேண்டி நிற்கிறோம்.

அணி நன்றாக ஆடுகிறது. நேற்றைய ஆட்டத்தில் வென்றோம். ஆரூரன் மிக நன்றாக ஆடினான். எறிந்த உடனேயே திரும்பி ஓடினான். இருவர் வந்து அடைத்தபோது மறுபக்கம் நின்றவனுக்குப் பந்தைக் கொடுத்தான். வலது கையாலும் ஆடினான். எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள். நல்ல பிள்ளை அத்தான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. வீட்டிலும் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். அவனைப் போல ஒரு பிள்ளை கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி அதிகம் என்பதால் அவன் இம்முறை எழுதவில்லை. உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொன்னான்.

தில்லைநாதன்


கொக்குவில்
27.12.2006

அன்புள்ள தில்லைநாதனுக்கு,

உமது கடிதம் என் முன்னால் இருக்கிறது. சுகம் விசாரிக்காமல் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

ஆரூரன் நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து நீர் அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட அணியில் அவன் கிண்ணம் வென்றுகொண்டு வந்தபோதுகூட, சப்பாத்து நாடா ஏன் அவிழ்ந்திருக்கிறது என்றுதான் கேட்டீர். அது உமது பாசம். அப்படிப்பட்டவர் ஒரு தாள் முழுக்க அவனைப் புகழ்ந்திருக்கிறீர். இத்தனை வருடம் சொல்லித் திருந்தாதவன் ஒரே ஆட்டத்தில் எல்லாப் பிழையையும் விட்டுவிட்டான். அப்படி ஆடுகிறவன் என் மகன் இல்லை. எந்த அணியோடு ஆடினீர்கள் என்றும் எழுதவில்லை, எத்தனை புள்ளி என்றும் எழுதவில்லை. செத்தவீட்டில் கதைக்கிறது போலக் கதைத்திருக்கிறீர்.

போன கிழமை சங்கக்கடை வரிசையில் அணியில் விளையாடுகிற இன்னொரு பிள்ளையின் தகப்பனைக் கண்டேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, அரிசி எடுக்காமலே சைக்கிளில் ஏறிப் போனார்.

தில்லை, என் பிள்ளை எங்கே? இருக்கிறானா? எதுவானாலும் எழுதும். நான் தாங்குவேன். எழுதாமல் மட்டும் விடாதேயும்.

இராசரத்தினம்


வெள்ளவத்தை
14.01.2007

அத்தான்,

இருக்கிறான். முதலில் அதை வாசியுங்கள். உயிரோடு இருக்கிறான், நான் கண்ணால் கண்டேன்.

அன்று சனிக்கிழமை அவன் கொட்டாஞ்சேனையில் படுத்தான் அல்லவா, ஞாயிறு விடியப்புறம் பொலிசார் அந்த மண்டபத்தைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கொட்டாஞ்சேனையில் பதிந்தவர்கள், இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். ஆரூரனுடைய துண்டில் வெள்ளவத்தை என்று இருந்தது. வெள்ளவத்தையில் பதிந்தவன் ஏன் கொட்டாஞ்சேனையில் படுத்தான் என்பது அவர்கள் கேள்வி. மாமா ஏசினார், கோபத்தில் வந்தேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். ஓர் ஆட்டத்துக்காக ஏசினார், அதற்காக வீடு மாறினான் என்பதை ஒருவரும் நம்பவில்லை. நான் போய்ச் சொன்னபோதும் சிரித்தார்கள். அந்த ஞாயிறு காலை, என் கோபத்தைக் கொட்டி எழுதிய கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் ஸவாஹிர் எங்கள் வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

நான் பதிந்தேன் அத்தான். அந்தத் துண்டு அவனைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். பிறகு நானே அவனை ஏசி, துண்டில் இல்லாத இடத்துக்குத் துரத்திவிட்டேன்.

மூன்று மாதத் தடுப்புக் கட்டளை. தெற்கே ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள். ஸவாஹிர் வேலையை விட்டுவிட்டு என்னோடு அலைகிறார். சிங்களத்தில் கதைப்பதெல்லாம் அவர்தான். ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். நவம்பர் கடைசியில் ஒரு தடவை பார்க்க விட்டார்கள். மெலிந்திருக்கிறான். இடது கையைச் சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டே இருந்தான். நான் கேட்கவில்லை, அவனும் காட்டவில்லை. என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, அண்டைக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு நிண்டிருக்கலாம், என்ன?" என்றான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழுதேன். "அப்பாவுக்கு எழுதிப்போடாதேங்கோ. அம்மா தாங்கமாட்டா" என்று இரண்டு மூன்று தரம் சொன்னான். அதனால்தான் அந்தப் பொய்க் கடிதம். அதிலும் அவனை ஏச நினைத்துப் பேனையை எடுத்தேன். கை போகவில்லை.

அணி இல்லை. பிள்ளைகள் மண்டபத்தை விட்டு வெளியே வருவதில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு எங்கள் கல்லூரி ஆடவில்லை.

கட்டளை இம்மாதக் கடைசியில் முடிகிறது. நீடிக்கமாட்டார்கள் என்று வழக்கறிஞர் சொல்கிறார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் கேட்க வேண்டியவன்.

தில்லைநாதன்


கொக்குவில்
05.02.2007

அன்புள்ள தில்லைநாதனுக்கு,

உமது கடிதம் வந்து மூன்று நாள். கிணற்றடியில் இருந்து வாசித்தேன். உயிரோடு இருக்கிறான் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.

உம்மை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கப்பலில் அனுப்பட்டுமா என்று நீர் கேட்டீர். அனுப்பாதேயும் என்று எழுதியவன் நான். நல்ல மறியல் என்று எழுதியவனும் நான். யாருடைய பிழை பெரிது என்று நாங்கள் இருவரும் சண்டை பிடிக்க ஒரு நாள் வரட்டும், அப்போது அவனும் பக்கத்தில் இருக்கட்டும்.

நான் வர விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். அக்காவை இந்தக் கண்ணோடு தனியே விட்டு வருவது எப்படி என்றும் தெரியவில்லை. வாசல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். இதுதான் என் நாள்.

அக்காவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது; பிள்ளை சொன்னது சரி. உமது மார்கழிக் கடிதத்தை வாசித்தபோது அதில் ஏச்சு இல்லாததால் நானே இரண்டு ஏச்சைச் சேர்த்து வாசித்தேன். அவள் சிரிக்கவில்லை. "தம்பி இப்பிடி ஏசமாட்டானே" என்றாள். எனக்கு உம்மைப் போல ஏச வரவில்லை. பிள்ளை எழுதிய வரி என்று ஒன்றும் கடைசியில் சேர்த்தேன், அதை மட்டும் நம்பினாள். இப்போது ஒவ்வொரு நாளும் கேட்கிறாள்: "தம்பியின்ர கடிதம் வரேல்லையோ? அடுத்த ஆட்டம் என்னவாம்?"

ஆகவே உம்மிடம் ஒன்று கேட்கிறேன். கேட்கக்கூடாததுதான். ஓர் ஆட்டத்தை எழுதி அனுப்பும். அவனை ஏசி எழுதும். நன்றாக ஏசும், முந்தி ஏசின மாதிரி. அவளுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கான செய்தியை வேறு தாளில் எழுதும்.

கை போகாது என்று எனக்குத் தெரியும். எழுதும்.

இராசரத்தினம்


வெள்ளவத்தை
25.02.2007

அத்தான், இந்தத் தாள் உங்களுக்கு.

கட்டளையை இன்னும் மூன்று மாதத்துக்கு நீடித்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அடுத்த மாதம் பார்க்க விடுவார்கள் என்று ஸவாஹிர் சொல்கிறார். பாலேஸ்வரி ஒரு புதுச் சாரமும் சோப்பும் வாங்கி வைத்திருக்கிறாள். நீங்கள் கேட்டதை மற்றத் தாளில் எழுதியிருக்கிறேன். நாலு தரம் கிழித்தேன். எழுதும்போது பாலேஸ்வரி எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தில்லை


அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அக்கா, கண்ணுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை திறந்த அடுத்த நாளே இங்கே வந்து வெட்டிக்கொள்ளலாம்.

இன்று எங்கள் கல்லூரி தோற்றது. யாரால் என்று கேட்காதீர்கள், கேட்காமலே தெரியும். பயிற்சிக்குப் போ என்றால் யன்னலில் நின்று றெயில் பார்க்கிறவன் ஆட்டத்தில் என்னத்தைக் கிழிக்கப் போகிறான்? இலவச எறி நாலு கிடைத்தது, நாலும் வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. எங்கள் கீழ் வீட்டுக்காரி தும்புத்தடியால் எறிந்திருந்தால் இரண்டு என்றாலும் விழுந்திருக்கும். கடைசிக் காற்பகுதியில் இடது கையைத் தூக்கிக்கொண்டு பந்தைக் கேட்கிறார், பந்து வந்தபோது ஆள் வேறு பக்கம் பார்க்கிறார். நவரத்தினம் மாஸ்டர்கூட இம்முறை பயிற்றுநரைக் குறை சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஸவாஹிர் வழக்கம்போல அவனுக்காகக் கதைத்தார். அவருக்கென்ன, வீட்டில் சோறு போடுவது நாங்கள்.

இதெல்லாம் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்ததால் வந்த வினை. அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன். வாசலில் வைத்து ஏசக்கூடாது என்று நீங்கள் சொல்லி அனுப்பியதால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வைத்து ஏசலாம் என்று காத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்து எவ்வளவு நேரம், இன்னும் வந்து சேரவில்லை. பாலேஸ்வரி சோற்றை மூடி வைத்துவிட்டு யன்னலில் நிற்கிறாள். நானும் இதை எழுதுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

வரட்டும் அக்கா. வந்து அந்தப் படியில் கால் வைக்கட்டும். இன்றைக்கு நான் விடப்போவதில்லை.

உங்கள் தம்பி
தில்லைநாதன்